'ரோஜர்' போதாது: ரன்வேயில் டவருடன் பேசப் பழகுவது எப்படி

ஐப்பசி மழையில் கோத்தகிரி வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில்தான் வாட்சிம்மில் சேர்ந்தேன். கணினியில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் இணையத்தில் கூடும் இடம் அது. ஓட்டுவதும் ஆள்தான், டவரிலிருந்து (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) பேசுவதும் ஆள்தான், யாருக்கும் சம்பளம் கிடையாது. விமானத்தைக் கிளப்பி இறக்க இரண்டு வாரத்தில் பழகிவிட்டேன், பேசப் பழகத்தான் மூன்று மாதம் ஆனது. சிமுலேட்டரை நிறுவுவதற்கும் கணக்குத் தொடங்குவதற்கும் ஏகப்பட்ட வீடியோக்கள் இருப்பதால் அதற்குள் போகவில்லை. நிஜ விமானத்தில் பேச ஆர்டிஆர் என்ற வானொலி உரிமம் வேண்டும், ஆனால் சொற்கள் அதே சொற்கள்தான்.

படி 1: மேசை

ஒரு தாள், ஒரு பென்சில், அந்த விமான நிலையத்தின் தரை வரைபடம். குறிப்பெடுக்க ஆப் எதுவும் வேண்டாம், பென்சில் போதும். ஹெட்செட் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். என் ப்ளூடூத் ஹெட்செட் ஒவ்வொரு முறையும் முதல் அசையை விழுங்கிவிடும், 'டவர்' என்றால் 'வர்' என்று போகும். பேசும் பட்டனை ஜாய்ஸ்டிக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அழுத்துமுன் இரண்டு வினாடி காது கொடுங்கள், ஏனென்றால் ஒரே அலைவரிசையில் இருவர் ஒன்றாகப் பேசினால் இருவர் பேச்சும் கெட்டு ஒரு கீச்சொலிதான் மிஞ்சும்.

படி 2: கேட்பது

மலையில் விமான நிலையம் இல்லாததால் நான் எப்போதும் கோவையில்தான் தொடங்குவேன். அங்கே ஒரே ரன்வே, ஒரு முனை 05, மறு முனை 23. யாரை அழைக்கிறேன், நான் யார், எங்கே நிற்கிறேன், என்ன வேண்டும், இவ்வளவுதான். "கோயம்புத்தூர் டவர், விக்டர் டேங்கோ எக்ஸ்ரே யாங்கி சூலு, ஏப்ரன், ரிக்வெஸ்ட் டாக்ஸி." VT-XYZ என்ற விமானப் பதிவெழுத்துகள்தான் என் அழைப்புப் பெயர், ஏப்ரன் என்பது விமானங்கள் நிறுத்துமிடம், டாக்ஸி என்பது தரையில் உருண்டு போவது. குட் ஈவினிங் சொல்வதென்றால் ஒரு முறை போதும்.

படி 3: திருப்பிச் சொல்வது

"டாக்ஸி டு ஹோல்டிங் பாயிண்ட் ரன்வே டூ த்ரீ" என்று பதில் வரும், அதாவது ரன்வேக்கு வெளியே நிற்க வேண்டிய கோடு வரை வா. இதற்கு நான் "ரோஜர்" என்றேன். டவரில் இருந்தவர் மறுபடி அதையே சொன்னார். மறுபடியும் "ரோஜர்" என்றேன், இந்த முறை கொஞ்சம் பணிவாக.

ரோஜர் என்றால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்று மட்டுமே பொருள். நாம் போனில் 'ம்' கொட்டுவோமே, அதுதான். அம்மா பத்து நிமிடம் பேசுவார், நாமும் 'ம்... ம்... சரி' என்போம், வைத்த பிறகு என்ன வாங்கிவரச் சொன்னார் என்றால் தெரியாது. ரன்வேக்குள் நுழைவது, குறுக்கே கடப்பது, அதற்கு முன்னால் நிற்பது, அதிலேயே திரும்பி வருவது, கிளம்புவது, இறங்குவது, இந்த அனுமதிகள் எதற்கும் 'ம்' செல்லாது. வந்த சொற்களைத் திருப்பிச் சொல்லி, கடைசியில் நம் அழைப்புப் பெயரையும் சேர்க்க வேண்டும்: "டாக்ஸி டு ஹோல்டிங் பாயிண்ட் ரன்வே டூ த்ரீ, விக்டர் யாங்கி சூலு." (பெயரை இப்படி டவர் சுருக்கிய பிறகே நாம் சுருக்கலாம்.) தப்பாகச் சொன்னால் அங்கிருப்பவர் கேட்டுத் திருத்துவார். முன்பெல்லாம் ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்டுபவர், அந்தப் பாதை தனக்குத்தான் என்பதற்கு அடையாளமாகக் கையில் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் வண்டியை நகர்த்துவார். வானொலியில் கையில் கொடுக்க ஒன்றுமில்லாததால் இந்தத் திருப்பிச் சொல்வதே நமக்கு டோக்கன்.

படி 4: நான் விழுந்த இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒரு நாள் 23-இல் "லைன் அப் அண்ட் வெயிட்" கிடைத்தது. அதாவது ரன்வேக்குள் போய் நேராக நின்று காத்திரு. ஒழுங்காகத் திருப்பிச் சொன்னேன், நின்றேன். கொஞ்ச நேரத்தில், கிளம்பிய பின் இடப்பக்கம் திரும்பி ஐயாயிரம் அடிக்கு ஏறு என்று வழி சொன்னார். அதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு, த்ராட்டிலை (என்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடி) முழுக்கத் தள்ளிவிட்டேன். "ஸ்டாப் இம்மீடியட்லி" என்று இரண்டு முறை வந்தது. எதிர் முனையில் ஒருவர் இன்னும் ரன்வேயை விட்டு வெளியேறவில்லை.

வழி சொன்னால் கிளம்பு என்று அர்த்தமில்லை. "கிளியர்டு ஃபார் டேக் ஆஃப்" என்று வரும்வரை கிளம்பக் கூடாது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஐந்து நிமிடமாக அந்த அனுமதிக்காகவே காத்திருந்த காது, எது வந்தாலும் அதுதான் என்று எடுத்துக்கொண்டது.

இதே குழப்பம் நிஜத்தில் நடந்தது 1977 மார்ச் 27 அன்று, டெனெரிஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில். அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 630 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே மூடுபனி என்பது உண்மையில் மேகமே தரையோடு நகர்ந்து வருவது. கோடநாட்டில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இப்போது தெரியும் மரம் அடுத்த நிமிடம் தெரியாது. கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் போயிங் 747 ரன்வே முனையில் நிற்க, அதே ரன்வேயில் பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 747 தரையில் உருண்டு வந்துகொண்டிருந்தது. கேஎல்எம்முக்கு வழி மட்டும் சொல்லப்பட்டது, அதிலேயே 'டேக் ஆஃப்' என்ற சொல்லும் வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்பே விமானம் உருளத் தொடங்கிவிட்டது. டவர் முதலில் 'ஓகே' என்றது (நம் 'ம்' போலவே), பிறகு காத்திருக்கச் சொன்னது. அதே நொடியில் பான் ஆம் தான் இன்னும் ரன்வேயில் இருப்பதாகச் சொல்ல, இரண்டு பேச்சும் மோதி கேஎல்எம் விமானி அறையில் கீச்சொலியாக விழுந்தது. இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் இன்று 'டேக் ஆஃப்' என்ற சொல் கிளம்ப அனுமதி கொடுக்கவும், அதை ரத்து செய்யவும் மட்டுமே. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'தான். நீங்களும் "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்றே சொல்லுங்கள்.

என் தீர்வு ரொம்ப எளிது. தாளில் இரண்டு கட்டம். இடப்பக்கம் டவர் சொன்னது, வலப்பக்கம் 'எங்கே நிற்க வேண்டும்'. வலக் கட்டத்தில் 'போ' என்று எழுத முடியாதவரை த்ராட்டிலில் கை வைப்பதில்லை. அன்றைக்கு எழுதியிருந்தால் இடப்பக்கம் வழி இருந்திருக்கும், வலப்பக்கம் 'ரன்வே மேலேயே நில்' என்பது மாறாமல் இருந்திருக்கும்.

படி 5: எண்கள்

ஒன்பதை 'நைனர்', ஐந்தை 'ஃபைஃப்', மூன்றை 'ட்ரீ' என்று சொல்வதுதான் முறை. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்கும். முதலில் வெட்கமாக இருக்கும், பழகிவிடும்.

பின்சேர்க்கை: திருப்பிச் சொல்வதே டோக்கன் என்றால் சரியாகச் சொன்ன பிறகு எப்படித் தப்பு நடக்கும் என்று இருவர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி, அந்த உவமை அங்கே கொஞ்சம் நொண்டுகிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல்படை விமானத்துக்கு, வரிசையில் நம்பர் ஒன், ஹோல்டிங் பாயிண்ட் வரை வா என்று சொல்லப்பட்டது. சரியாகவே திருப்பிச் சொன்னார்கள், ஆனால் ரன்வேக்குள் போய் நின்றார்கள். இறங்கிவந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 மோதியது. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள், சிறிய விமானத்தின் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். 'நம்பர் ஒன்' என்று வரிசை சொல்வதை ஜப்பான் தற்காலிகமாக நிறுத்தியது. வலக் கட்டம் அதற்குத்தான்.

இன்னொன்று: ஹோல்டிங் பாயிண்டில் குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை எரிகிறது, டவரோ உள்ளே வரச் சொல்கிறது, எதைக் கேட்பது? எரியும்வரை தாண்டாதீர்கள். "ஸ்டாப் பார் இன்னும் எரிகிறது" என்று ஆங்கிலத்தில் எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லுங்கள், அணைத்த பிறகு போகலாம்.