காரைத் தூக்கும் ஜாக்கி எவ்வளவு எடை தாங்குகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, சேலம் என்று அடிக்கடி காரில் ஊருக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஓசூர் ரோட்டு ஓரத்தில் டயர் பஞ்சரானால் ஜாக்கியை எங்கே, எதன் மேல் வைப்பது என்று தெரிந்திருக்கும்.

1. சக்கரத்தின் பங்கு
காரின் எடை 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் முன்னால் இருப்பதால் சுமார் 60 சதவீதம், அதாவது 540 கிலோ, முன்பக்கம் இறங்கும். ஒரு முன் சக்கரத்துக்கு 270.

2. ஜாக்கியின் பங்கு
அப்போ ஜாக்கிக்கும் 270தானே? இல்லை, அதைவிட அதிகம். ஜாக்கி வைக்கும் இடம் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. இரண்டு பேர் கட்டில் தூக்கும்போது ஒருவர் நடுப்பக்கம் நகர்ந்தால் அவர் பாரம் கூடுமே, அதேதான். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 240 செ.மீ., ஜாக்கி முன் சக்கரத்திலிருந்து 50 செ.மீ. பின்னால் என்றால், பின் சக்கரத்திலிருந்து அதன் தூரம் 190 செ.மீ.

270 × 240 ÷ 190 = சுமார் 340 கிலோ.

3. திருகில் வரும் இழுவிசை
காரோடு வரும் கத்தரி ஜாக்கியில் (நாலு கைகள் வைர வடிவில் மடங்கி, நடுவே குறுக்காக ஒரு திருகு ஓடும் ஜாக்கி) இதுதான் முக்கியமான இடம். ஜாக்கியின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இழுவிசை = சுமை × அகலம் ÷ உயரம்

அகலமும் உயரமும் 21 செ.மீ. என்றால் இழுவிசை 340 கிலோ. அதே ஜாக்கி 28 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்று படுத்திருந்தால் 950 கிலோ! நல்லவேளையாக, சஸ்பென்ஷன் ஸ்பிரிங் விரிய விரியத்தான் முழுச் சுமையும் ஜாக்கிக்கு வரும். ஆனால் பஞ்சரான கார் தாழ்ந்து நிற்கும், ஜாக்கியும் படுத்த நிலையில்தான் உள்ளே நுழையும். அதனால் முதல் சில சுற்றுகளை நிதானமாகச் சுற்றுங்கள்.

4. கைக்கு எவ்வளவு?
கைப்பிடி 15 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குக் கை 94 செ.மீ. நகரும், திருகு 3 மி.மீ.தான் நகரும். சுமார் 313 மடங்கு லாபம். உராய்வு 70 சதவீதம் தின்றுவிட்டாலும் 94 மடங்கு மிஞ்சும். 340 கிலோவுக்குக் கை கொடுப்பது நாலு கிலோகூட இல்லை. கையை எடுத்தாலும் கார் இறங்காமல் நிற்பதும் அந்த உராய்வால்தான்.

5. தரை தாங்குமா?
ஜாக்கியின் அடித்தட்டு 8 × 10 செ.மீ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 4.25 கிலோ. டயர் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. மழையில் ஊறிய செம்மண்ணில் கட்டாயம் புதையும். 30 × 30 செ.மீ. கெட்டிப் பலகை ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள், அழுத்தம் 0.4 கிலோவுக்கும் கீழே போய்விடும்.

சரிவில் ஜாக்கி போடவே வேண்டாம். 5 டிகிரி சரிவு சின்னதுதானே என்று தோன்றலாம், ஆனால் 78 கிலோ காரைக் கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். 25 செ.மீ. ஸ்பேனரில் அதற்கு 40 கிலோ வரை அழுத்த வேண்டியிருக்கும். கார் ஜாக்கியில் நிற்கும்போது அப்படி அழுத்தினால் ஜாக்கி சாய்ந்துவிடும். எந்த நிலையிலும் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள்.