ராஸ்பெர்ரி பை எழவே மாட்டேன் என்கிறதா? வரிசையாகப் பார்ப்போம்

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுக்குப் பவர் கொடுத்தாச்சு, சிவப்பு விளக்கும் எரிகிறது, ஆனால் திரை கன்னங்கரேலென்று கிடக்கிறது. இந்த நிலையில் நிறையப் பேர் உடனே மெமரி கார்டைக் கழற்றி, அதில் இயங்குதளத்தை முதலிலிருந்து எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கார்டில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும், கோளாறு வேறெங்காவது இருந்தால் அது மட்டும் பத்திரமாக அப்படியே இருக்கும். முதலில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பிடிப்போம். நான் சொல்வது பை 4-ஐ வைத்து, மற்ற மாடல்கள் மாறுபடும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள்

பவரை நிறுத்திவிட்டு யுஎஸ்பி-யில் இருக்கும் ஹார்டு டிஸ்க், கீபோர்டு, பின்களில் செருகிய வயர்கள், மேலே மாட்டிய ஹேட் என்ற துணை போர்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மெமரி கார்டும்தான். மானிட்டர் கேபிள் மட்டும் இருக்கட்டும். பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ இருக்கும், பவர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் மாட்ட வேண்டும். மானிட்டரை ஆன் செய்த பிறகு போர்டுக்குப் பவர் கொடுங்கள்.

கார்டே இல்லாமல் என்ன வரும் என்று கேட்கலாம். பை 4, 5 இரண்டிலும், போர்டை எழுப்பிவிடும் முதல் நிரலான பூட்லோடர், போர்டில் உள்ள ஈஈப்ராம் என்ற குட்டிச் சிப்பிலேயே இருக்கிறது. கார்டு கிடைக்காவிட்டால் அது போர்டு விவரம், எதிலிருந்தெல்லாம் பூட் ஆகப் பார்த்தது என்று வரிவரியாக ஒரு திரையில் காட்டும். அது வந்துவிட்டால் போர்டுக்கு ஒன்றும் இல்லை, சந்தேகம் கார்டு பக்கமோ கழற்றிய சாமான்கள் பக்கமோ போய்விடுகிறது. ரொம்பப் பழைய பூட்லோடராக இருந்தால் இந்தத் திரை வராது. பை 3-இல் இந்தச் சிப்பே கிடையாது, கார்டு இல்லையென்றால் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டு சும்மா இருக்கும், அதைப் பார்த்து போர்டு செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பவர்

என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை இங்கேதான். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கையில் 33 வாட் போன் சார்ஜர் இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும், ஆனால் அந்தச் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 5 வோல்ட்டுக்கு நேராக 2 ஆம்பியர்தான் போட்டிருக்கும், அந்த 33 வாட் எல்லாம் 9, 11 வோல்ட்டில் கொடுப்பது. பை 4 அந்த வோல்ட்டேஜைக் கேட்கவே கேட்காது, அதனால் அதற்குக் கிடைப்பது அந்த 2 ஆம்பியர்தான். போதாததற்கு மெல்லிசான கேபிளிலேயே கொஞ்சம் வோல்ட்டேஜ் விழுந்துவிடும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணையும் அல்லது விட்டுவிட்டு எரியும், திரை வந்திருந்தால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரியும். 2019-இல் வந்த முதல் பை 4 போர்டுகளுக்கு இன்னொரு தொல்லை: லேப்டாப்போடு வரும் சில விலை உயர்ந்த டைப்-சி கேபிள்களில் உள்ள சிப்பால் குழம்பி, பவரே ஏறாது. சாதாரண கேபிளைப் போட்டால் ஓடும்.

பச்சை விளக்கைப் பாருங்கள்

சரி, இப்போது கார்டைப் போட்டுப் பவர் கொடுங்கள். பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் மினுக்கினால் கார்டைப் படிக்கிறது, நல்லதுதான். கணக்காக நான்கு தடவை மின்னி, இடைவெளி விட்டு மறுபடி நான்கு என்றால் போர்டைத் தயார்படுத்தும் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் கார்டுதான் காரணம். எட்டு வந்தால் ரேம் கோளாறு, வீட்டில் சரிசெய்ய முடியாது. வானவில் நிறத் திரையோடு நின்றுவிட்டால், ஃபர்ம்வேர் வந்துவிட்டது, கெர்னல் ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு

இப்போது எழுதலாம். பழைய கார்டில் முக்கியமான கோப்புகள் இருந்தால் அதைத் தொடாமல் வேறொரு கார்டில் எழுதிப் பாருங்கள். கார்டில் எழுதித் தரும் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருள் போதும், கடைசியில் வரும் சரிபார்ப்பை மட்டும் தவிர்க்காதீர்கள், டூப்ளிகேட் கார்டுகள் அங்கேதான் மாட்டும். எழுதி முடித்ததும் விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கும். லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான், கேன்சல் கொடுங்கள். பழைய இமேஜையும் (கார்டில் எழுதும் இயங்குதளக் கோப்பு) போடாதீர்கள்: 2019-க்கு முந்தையது பை 4-இல் எழாது, பை 5-க்கு புக்வார்ம் என்ற பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும்.

மானிட்டர் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல நேரம் போர்டு எழுந்துதான் இருக்கும், உங்களால் உள்ளே நுழைய முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் தானாக ஆன் ஆகாது, ‘பை’ என்ற பழைய பயனர் பெயரும் 2022-இலிருந்து கிடையாது. இமேஜரின் செட்டிங்ஸில் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை எல்லாம் கொடுத்துத்தான் எழுத வேண்டும். முதல் தடவை எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், நடுவில் பவரைப் பிடுங்காதீர்கள்.

அப்படியும் எழவில்லையா?

இமேஜரிலேயே இதர கருவிகள் பகுதியில் பை 4-க்கான பூட்லோடர் மீட்பு இமேஜ் இருக்கிறது. அதை ஒரு உதிரிக் கார்டில் எழுதிப் போடுங்கள். பச்சை விளக்கு சீராகப் படபடவென்று மின்னி, திரை முழுக்கப் பச்சையானால் ஈஈப்ராம் சரியாகிவிட்டது. பவரை நிறுத்தி வழக்கமான கார்டைப் போடலாம்.

அதற்கும் அசையவில்லையென்றால் மல்டிமீட்டர் எடுக்க வேண்டியதுதான். கறுப்பு முனை 39ஆம் பின்னில், சிவப்பு முனை 17ஆம் பின்னில். 1ஆம் பின்னிலும் அதே 3.3 வோல்ட்தான், ஆனால் அதை ஒட்டியே 5 வோல்ட் பின் இருக்கிறது, கை வழுக்கி இரண்டும் தொட்டால் நல்ல போர்டும் போய்விடும். சிவப்பு விளக்கு எரிந்தும் 17-இல் 3.3 வோல்ட் வரவில்லை என்றால் பவர் சிப் போய்விட்டது. வேறு போர்டுதான் வாங்க வேண்டும். கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதே மாடலில் இன்னொரு போர்டு வாங்கினால் பெரும்பாலும் அப்படியே செருகி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.