கண்டுபிடிப்பாளர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தின் ஆரம்பப் பாடசாலைகளில், கண்டுபிடிப்பாளர்களின் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்ட அட்டவணை ஒன்று வகுப்பறைச் சுவரில் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மின்குமிழுக்கு எடிசன், தொலைபேசிக்குக் கிரஹாம் பெல், வானொலிக்கு மார்க்கோனி, நீராவி இயந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பிள்ளைகளும் தடங்கலின்றி ஒப்புவிக்கிறார்கள். அதே பிள்ளையிடம், மின்குமிழ் வருவதற்கு முன்பு மக்கள் என்ன சிரமப்பட்டார்கள், அந்தச் சிரமம் குமிழால் எப்படித் தீர்ந்தது என்று கேட்டால் பதில் வராது. தேவையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லிக் கொடுப்பதே நாம் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

தேவையிலிருந்து பாடத்தைத் தொடங்க மலையகப் பிள்ளைகளுக்குக் குப்பி விளக்கைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெயை ஊற்றி, தகர மூடியில் துளையிட்டுத் திரியைச் செருகினால் விளக்கு தயார். போத்தல் உயரமாகவும் ஒடுங்கியும் இருப்பதால் கை பட்டாலே சாயும், சாய்ந்தால் உருளும், உருளும்போது மூடி கழன்று எண்ணெய் கொட்டித் தீப்பற்றும். இத்தகைய தீக்காயங்களுடன் வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த இலங்கை அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்துக்கு மருந்திடுவதோடு நின்றுவிடாமல் விளக்கையே மாற்றியமைக்க முனைந்தார். அவர் வடிவமைத்த விளக்கு குட்டையானது, கனமானது, தடித்த கண்ணாடியாலானது. உலோக மூடியைத் திருகி இறுக்குவதால் சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. இரண்டு பக்கங்கள் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருண்டோடாது. இந்தப் பணிக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வகுப்பறையில் தரையில் பாயொன்றை விரித்து, உயரமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றிலும் குட்டையான ஜாம் போத்தல் ஒன்றிலும் பாதியளவு தண்ணீர் ஊற்றி, விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். எது எளிதில் சாய்கிறது, ஏன் சாய்கிறது, சாயாமலிருக்க எதை மாற்றலாம் என்பதைப் பிள்ளைகளே சொல்லத் தொடங்குவார்கள். கொடகும்புர என்ற பெயரை அதன் பிறகு சொன்னால், அது அவர்கள் மனதில் நிற்கும்.

ஒரு கருவியை ஒரே மனிதர் ஒரே நாளில் செய்து முடித்ததாகக் காட்டுவது அடுத்த தவறு. ஹம்ப்ரி டேவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்சாரத்தால் ஒளியை உண்டாக்கிக் காட்டிவிட்டார். ஆனால் கண்ணைக் கூசவைக்கும் அந்த வில்விளக்கை வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான், எடிசன் வேலை செய்துகொண்டிருந்த அதே காலத்தில் கரியிழைக் குமிழை எரியச் செய்தார். 1879இல் எடிசன் தமது குமிழை எரித்துக் காட்டியபோது, அவருடைய மென்லோ பார்க் ஆய்வுகூடத்தில் கண்ணாடி ஊதுபவர், கணிதம் கற்றவர், இயந்திரம் செய்பவர் எனப் பலர் அவரோடு உழைத்துக்கொண்டிருந்தனர். அதன் பிறகும் இழைக்கு ஏற்ற பொருளைத் தேடி மூங்கில் வரை சென்றார்கள். எடிசன் எத்தனை ஆயிரம் தடவை தோற்றார் என்று சொல்லப்படும் எண்ணிக்கை ஆளுக்காள் மாறுவதால், அதைச் சொல்லிக் கொடுக்காமலிருப்பதே நல்லது. எந்தப் பொருளை எரித்துப் பார்த்தார்கள், அது ஏன் சீக்கிரம் கருகிப்போனது என்பவற்றைச் சொன்னால் போதும்.

குமிழ் இருந்தும் மின்சாரம் இல்லாவிட்டால் வீடு இருட்டாகவே இருக்கும் என்பதை எடிசன் அறிந்திருந்தார். அதனால்தான் 1882இல் நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் மின்நிலையம் ஒன்றையும் இயக்கத் தொடங்கினார். இதை விளங்கிக்கொள்ள நம் பிள்ளைகள் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நம் மலையகத்து லக்சபான பகுதியின் நீரைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே விரிவான கட்டுரையொன்றை முன்வைத்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். சுழலியையோ மின்பிறப்பாக்கியையோ அவர் கண்டுபிடிக்கவில்லை. எங்கோ பிறந்த கண்டுபிடிப்பு ஒன்றை நம் மலைக்கும் நம் ஆற்றுக்கும் பொருந்தச் செய்வதும் அறிவும் பொறுமையும் வேண்டிய பெரும் வேலை என்பதற்கு, நோர்ட்டன் பிரிட்ஜில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் மின்நிலையத்தைக் காட்டலாம்.

கதையை வரலாறாகச் சொல்வது எல்லோரிடமும் உள்ள பழக்கம். கேத்தல் மூடியை ஆவி தள்ளுவதைப் பார்த்துச் சிறுவன் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் வாட் பிறப்பதற்கு முன்பே, 1712இல், தோமஸ் நியூகொமனின் நீராவி இயந்திரம் சுரங்கத்திலிருந்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த வாட்டிடம் அந்த இயந்திரத்தின் சிறிய மாதிரியொன்று திருத்துவதற்காக வந்தது. ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்கி, பிறகு அதையே குளிரவைப்பதால் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாவதை அவர் கவனித்தார். ஆவியைத் தனியறை ஒன்றில் குளிரச் செய்யலாம் என்ற யோசனை 1765இல் பிறந்தது. 1769இல் ஆக்கவுரிமை பெற்றார். பழுதுபார்க்க வந்த பொருளைப் பார்த்து ‘இது ஏன் இவ்வளவு எரிபொருளைத் தின்கிறது’ என்று கேட்கிற மனிதரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, ஆவியைப் பார்த்து வியந்த சிறுவனைக் காட்டுவதைவிடப் பயனுள்ளது என்பதே என் எண்ணம்.

நம் ஊரிலும் இப்படியொரு கதை உண்டு. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்த பொறியியலாளருக்கு, தெமோதரையில் ரயில் பாதையைச் சுழற்றி நிலையத்தின் அடியிலேயே கொண்டுசெல்லும் யோசனை தோன்றியதாம். நம் மக்களுக்கும் அந்தப் பாதையில் ஒரு பங்கு இருந்ததைச் சொல்லும் கதை என்பதால் அதன்மேல் நமக்குப் பிரியம் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடவும் வேண்டாம். ஆனால் கதையென்று சொல்லியே சொல்ல வேண்டும். 1881இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் மலை ரயில் பாதையில் இத்தகைய சுழல்கள் ஏற்கெனவே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லி, ‘அப்படியானால் இந்தக் கதையை எவ்வளவு நம்பலாம்’ என்று தரம் எட்டு, ஒன்பது மாணவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மலையைக் குடைந்து, கல்லைச் சுமந்து அந்தப் பாதையைப் போட்ட தொழிலாளரின் உழைப்பு கதையின் துணையில்லாமலே உண்மையானது.

மலையகத்தில் நாம் செய்கிற தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, கண்டுபிடிப்பு என்றாலே கடல் கடந்த விடயம் என்று கற்பிப்பது. பிள்ளைகளின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் அதைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டபோது, அவருடைய பங்களா விறாந்தையே தொழிற்சாலையாக இருந்தது. அங்கே மேசைகளில் கொழுந்தைப் பரப்பிக் கைகளாலேயே உருட்டினார்கள். கரி அடுப்பின் மேல் கம்பித் தட்டுகளில் காயவைத்தார்கள். அசாமில் பணியாற்றிய வில்லியம் ஜக்சன் 1870களில் உருட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அசாமில் தேயிலைத் தொழிலைக் கற்ற சாமுவேல் டேவிட்சன் 1877இல் சிரோக்கோ என்ற உலர்த்திக்கு ஆக்கவுரிமை பெற்று, பின்னர் பெல்பாஸ்ட்டில் அதற்கென ஆலையொன்றையும் நிறுவினார்.

இதைச் சொல்லால் விளக்குவதற்கு முன் கையால் செய்து பார்க்க வைக்க வேண்டும். மருந்து தெளிக்காத செடியிலிருந்து ஒரு கைப்பிடி கொழுந்தைப் பறித்து, இரவு முழுவதும் பழைய பத்திரிகையின் மேல் பரப்பி வாடவிடுங்கள். காலையில் துவண்டு கிடக்கும் கொழுந்தைப் பிள்ளைகள் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தி வட்டமாக உருட்டட்டும். முதலில் இலை சுருளும்; பிறகு கை ஈரமாகிப் பிசுபிசுக்கும்; பச்சை வாசனை மெல்ல மாறும்; சற்று நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால் செம்பு நிறம் படரத் தொடங்கியிருக்கும். இலையின் கலங்கள் உடைந்து சாறு காற்றோடு சேர்வதால் இது நிகழ்கிறது. அடுத்ததாக, தொழிற்சாலையில் அனுமதி பெற்று, பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி ரோலரைக் காட்டுங்கள். பட்டிகள் பதித்த வட்ட மேசை, அதன் மேல் கொழுந்து நிரம்பிய அடியில்லாத உருளைப் பெட்டி, மேலிருந்து அழுத்தும் மூடி, எல்லாவற்றையும் வட்டமாக அசைக்கும் தண்டு. தங்கள் இரண்டு கைகளும் செய்த அதே அசைவை இரும்பு செய்வதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள். கையை நன்றாகக் கவனித்தவரால்தான் இந்த இயந்திரத்தைச் செய்திருக்க முடியும் என்பதை நாம் தனியே சொல்லத் தேவையிருக்காது. பல ஆண்டுகள் ரோலரில் வேலை செய்த தாத்தா ஒருவரையும் அன்று வகுப்புக்கு அழைத்தால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விடைகள் கிடைக்கும்.

கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகளைத் திட்டுவதற்குப் பயன்படுத்துவதும் பரவலாக நடக்கிறது. ‘அவர் வறுமையிலும் சாதித்தார், உனக்கு என்ன குறை’ என்ற பேச்சு, இடவசதியில்லாத லயத்து வீட்டில், ஒற்றைக் குமிழின் கீழ் படிக்கும் பிள்ளைக்கு நியாயமானதன்று. மைக்கேல் பரடே ஏழைக் குடும்பத்தில் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர் என்பது உண்மை. ஆனால் கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசிக்க அவருக்கு வாய்ப்பிருந்தது. 1812இல் டேவியின் விரிவுரைகளைக் கேட்பதற்கான சீட்டுகளைக் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்தார். 1813இல் டேவி அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். எடிசனுக்கு வீட்டிலேயே கற்பித்த தாய் இருந்தார்; வாட்டுக்கு மத்தியூ போல்டனின் முதலீடு இருந்தது. உழைப்பைச் சொல்லும்போது உதவியையும் சொல்ல வேண்டும். அப்போது, பூட்டிக்கிடக்கும் பாடசாலை நூலகத்தையும் விஞ்ஞான அறையையும் திறந்துவைப்பது பெரியவர்களாகிய நமது கடமை என்பதும் வெளிச்சமாகும்.

அட்டவணையில் இருப்பவர்கள் ஏறக்குறைய அனைவரும் மேற்கு நாட்டு ஆண்கள். காரின் கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு 1903இல் ஆக்கவுரிமை பெற்ற மேரி அண்டர்சனையும், குண்டு துளைக்காத உடைகளுக்குப் பயன்படும் கெவ்லர் இழையை 1965இல் உருவாக்கிய ஸ்டெபானி க்வோலெக்கையும் சேர்த்தால், முன்வரிசைச் சிறுமிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கல்கத்தாவில் வானொலி அலைகளை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸையும், இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்த நம் நாட்டின் ரே விஜேவர்தனவையும் விட்டுவிடக் கூடாது. அதற்காக, எல்லாவற்றையும் நம் முன்னோர் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஆதாரமின்றிப் பெருமை பேசுவது, அட்டவணையைவிடப் பெரிய தீங்கு. போஸ் செய்ததைச் சொல்ல மார்க்கோனியைச் சிறுமைப்படுத்தத் தேவையில்லை.

சற்று வளர்ந்த மாணவர்களிடம் கண்டுபிடிப்பின் தீமையையும் மறைக்க வேண்டாம். பெற்றோலில் ஈயம் சேர்க்கும் முறையையும், பின்னாளில் ஓசோன் படலத்தை அரித்த குளிர்பதன வாயுக்களையும் உருவாக்கியவர் தோமஸ் மிட்ஜ்லி என்ற ஒரே மனிதர் என்பது அவர்களை யோசிக்க வைக்கும்.

இறுதியாக, கண்காட்சி மாதிரிகளைப் பற்றி. பாடசாலைக் கண்காட்சிக்கு வரும் மாதிரிகளில் பலவற்றை அப்பாவோ அண்ணனோ செய்திருப்பார். பிள்ளை அதன் அருகில் நின்று மனப்பாடம் செய்ததைச் சொல்லும். மிக அழகான மாதிரிக்குப் பரிசு கொடுப்பதால்தான் இது தொடர்கிறது. யோகட் கோப்பைகளை வெட்டி, சைக்கிள் கம்பியில் கோத்து, ஓடை நீரில் சுழலும் சிறு சக்கரமொன்றைப் பிள்ளை தானே செய்யட்டும். அது கோணலாகத்தான் இருக்கும். முதல் நாள் சுழலாமலும் போகும். பெரியவர் கையை நீட்டாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, மாற்றியதையும் நடந்ததையும் கொப்பியில் எழுதும்படி சொன்னால் போதும். கண்காட்சியில் சக்கரத்தோடு அந்தக் கொப்பியையும் மேசையில் வைத்து, புள்ளிகளில் பாதியைக் கொப்பிக்குக் கொடுக்க வேண்டும். பரீட்சைக்குரிய பெயரும் ஆண்டும் என்னவாகும் என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம்: அவற்றைப் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் எழுதினாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், ஏனெனில் அதற்குள் அந்தப் பெயருக்குரியவர் என்ன சிக்கலைத் தீர்க்க முனைந்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.