விற்கப்போகும் வீட்டை எங்கிருந்து தயார்செய்யத் தொடங்குவது?

வீட்டை விற்பது என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் முதலில் கூப்பிடுவது பெயிண்டரைத்தான். வீடுகளை விற்பனைக்குத் தயார்செய்து கொடுப்பது என் தொழில். நானோ அவரைக் கடைசியில்தான் கூப்பிடுவேன். அதற்கு முன்னால் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாங்க வந்தவர் மாதிரி வாசலிலிருந்து உள்ளே நடந்து வாருங்கள். கேட் கிறீச்சிடுகிறதா, அழைப்பு மணி அடிக்கிறதா, கதவுக் கைப்பிடி ஆடுகிறதா என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் குழாயைத் திறப்பார்கள், ஜன்னலைத் தள்ளுவார்கள், சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார்கள். சொட்டுகிற குழாய்க்குப் பெரும்பாலும் ஒரு வாஷர் மாற்றினால் போதும். ஆனால் அந்தச் சொட்டைக் கேட்டவர், 'இதையே கவனிக்கவில்லையே, சுவருக்குள் இருக்கும் வயரிங்கை எப்படி வைத்திருப்பார்களோ' என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அந்தச் சந்தேகம் விலை பேசும்போது வந்து நிற்கும். அதனால் கீலுக்கு எண்ணெய், தளர்ந்த திருகு, எரியாத பல்பு, இடிக்கிற கதவு எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். சுவரில் ஈரத்தடம் தெரிந்தால் அதன் மேல் ஓர் அடி சதுரத்துக்கு அலுமினிய ஃபாயிலை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் பிரித்துப் பாருங்கள். ஃபாயிலின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் நீர் துளித்துளியாக நின்றால், அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்குக் காற்றோட்டமும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் வழி. உள்ளிருந்து வருகிறது என்றால் குழாய்க் கசிவா, கூரையா, வெளிச்சுவரில் விரிசலா என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி, ப்ரைமர், பெயிண்ட். ஈரச் சுவரில் பூசினால் பெயிண்ட் கொப்புளிக்கும், உப்பு பூக்கும், அதுவும் வாங்குபவர் இரண்டாம் முறை பார்க்க வரும் நேரமாகப் பார்த்து.

பீரோவை நகர்த்தி வைத்துத் தடத்தை மறைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கூடாது. தெரிந்த குறையைத் தெரிந்தே மறைத்தால் பல நாடுகளில் விற்ற பிறகும் வழக்கு வரலாம். வழக்கே வராவிட்டாலும், அந்த வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்கப்போவது இன்னொரு குடும்பம். என்ன கோளாறு இருந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று பில்லோடு காட்டுங்கள். அந்த ஒரு பில்லைப் பார்த்துவிட்டு மனம் இளகியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வீட்டு வாசனை நம் மூக்குக்குத் தெரியாது. வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு, முகத்துக்காகப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ரூம் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். 'எதையோ மறைக்கிறார்கள்' என்றுதான் தோன்றும். வாசனை பெரும்பாலும் துணியில் தங்கியிருக்கும்: திரைச்சீலை, சோபா உறை, மெத்தை, மிதியடி. அதிகம் புழங்காத குளியலறையில் சாக்கடை வாடை வந்தால், வடிகுழாயின் வளைவில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கலாம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும். பூனை, நாய் சிறுநீர் வாடைக்கு சோப்புத்தண்ணீர் போதாது, என்சைம் கலந்த க்ளீனர் வேண்டும்.

குழாயில் படிந்த உப்புக்கறைக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் வைத்துத் தேய்த்தால் விட்டுவிடும். மார்பிள் பக்கம் மட்டும் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள். அமிலம் பட்ட இடம் மங்கிவிடும். ப்ளீச்சோடு எந்த அமிலத்தையும் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பிறகு பொருட்களைக் குறைப்பது. அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்கள், ஆகவே பாதி காலியாக இருக்கட்டும். பிதுங்கி வழிகிற அலமாரி 'இந்த வீட்டில் இடம் போதாது' என்று சொல்லிவிடும். குடும்பப் படங்களை இறக்கும்போது மனசு கனக்கும். எனக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவசரப்படுத்தாமல், அவர்கள் கையாலேயே இறக்கிப் பெட்டியில் வைக்கச் சொல்வேன். பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்த கதவு நிலை இருந்தால், பெயிண்ட் அடிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயிண்டரைக் கூப்பிடலாம். வெளிர் நிறம் போதும். மேடுபள்ளமான சுவருக்கு மேட் ஃபினிஷ் நல்லது, பளபளப்பு ஒவ்வொரு மேட்டையும் காட்டிக்கொடுக்கும். பெயிண்ட் வாடை போக நாள் விட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

ஒரே அறையில் மஞ்சள் பல்பும் வெள்ளை பல்பும் கலந்திருந்தால் சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும். பல்பின் அட்டைப்பெட்டியில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு போட்டிருக்கும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 வரை இதமாக இருக்கும். நடக்கும் வழியில் 75 முதல் 90 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். வீடு முழுக்கக் காலியாக இருந்தால் படுக்கையறையில் ஒரு கட்டிலாவது போடுங்கள். வெற்று அறையில் எது எங்கே அடங்கும் என்று பலருக்கும் கணக்குப் போட வராது.

படம் எடுப்பது பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், போனை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து. சாய்த்தால் சுவர்களும் சாயும். போனில் 0.5 என்று போட்டிருக்கும் அகலக் கோண லென்ஸ் அறையைப் பெரிதாகக் காட்டும். நேரில் வந்தவர் ஏமாந்து நிற்பார். கழிப்பறை மூடியை மூடிவிட்டு எடுங்கள்.

பார்க்க வரும் நாளில் நகை, மருந்து, வங்கிக் காகிதங்கள், மாற்றுச் சாவி எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். நாய் இருந்தால் யாரிடமாவது விட்டுவிடுங்கள். அவர்கள் பின்னாலேயே அறை அறையாகப் போகாமல் கூடத்தில் இருங்கள். கணவனும் மனைவியும் தணிந்த குரலில் பேசிக்கொள்ள அவர்களுக்குப் பத்து நிமிடம் வேண்டும்.