இஸ்ஸா ஆரா, நான் தப்பிச்ச கதை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்ன ஆபிஸ்ல கிராணி (கிளார்க்) வேலை எனக்கு, ஒரு நாள் 'தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் அட்டாச்ட்'னு இங்கிலீஷ்ல இமெயில் அனுப்பிட்டேன், மேனேஜர் அக்கா கூப்பிட்டு "லிஸ்ட் ஒன்னுதானேம்மா, இஸ் போடு"ன்னாங்க, வெக்கமா போச்சு. நமக்கு ஏன் குழப்பம்னா மலாய்ல ஒருமை பன்மைக்கு வினைச்சொல் மாறவே மாறாது, பேச்சுத் தமிழ்லயும் பெட்டி வந்துச்சு, பெட்டிங்க வந்துச்சு, ரெண்டுக்கும் ஒரே 'வந்துச்சு'தான்.

இப்போ 'ஆஃப் ஐட்டம்ஸ்' மாதிரி துண்டை வெரலால மறைச்சிட்டுப் படிக்கிறேன், 'தி லிஸ்ட் இஸ்', தானா வந்துடுது. ஆனா 'எ லாட் ஆஃப் பீப்பிள்'ல இந்த வெரல் வேலைக்கு ஆகாது, அங்க பீப்பிளைப் பார்த்து ஆர்தான் போடணும். 'சில்ட்ரன்' வந்தா மட்டும் கடைசில எஸ் இல்லாததால இன்னும் இஸ்னு கை போயிடுது லா.