கிறிஸ்தவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம்: அவசரத்தால் வரும் தவறுகள்

கிறிஸ்தவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே வேதாகமம் பழக்கம். இது லேசான பலம் இல்லை. காயீன், ஆபேல் கதை தெரியாமல் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலைப் படிக்கிறவருக்குப் பாதி நாவல்தான் கிடைக்கும். தாவீது தன் மகன் அப்சலோமுக்காக அழுதது தெரியாவிட்டால், வில்லியம் ஃபாக்னர் 1936இல் வந்த நாவலுக்கு ‘அப்சலோம், அப்சலோம்!’ என்று ஏன் பெயர் வைத்தார் என்பதே பிடிபடாது. மற்றவர்கள் அடிக்குறிப்பைத் தேடிப் போகும் இடத்தில், ஞாயிறு பள்ளியில் வளர்ந்த மாணவர் கேட்டவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் பல தவறுகள் இந்தப் பழக்கத்திலிருந்தேதான் தொடங்குகின்றன. விடை முன்பே கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில், எழுத்தாளர் எழுப்பும் கேள்வியைக் கடைசிவரை கேட்கும் பொறுமை குறைந்துபோகிறது. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் வருபவை. விசுவாசத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் படிக்கச் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டே நிதானமாகப் படிக்கலாம் என்கிறேன்.

பாடத்தைத் தேடி ஓடுவது

கவிதையை ஒருமுறை வாசித்த கையோடு ‘இதில் நமக்கு என்ன பாடம்?’ என்று கேட்பது பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வரும். ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘தி காலர்’ கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆங்கிலிக்கன் குருவானவர். அவர் இறந்த 1633ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ‘தி டெம்பிள்’ தொகுப்பில் அது இருக்கிறது. கவிதையில் பேசுகிறவர் மேசையை ஓங்கி அடித்து, போதும், நான் வெளியே போகிறேன் என்று கத்துகிறார். இவ்வளவு காலம் ஊழியம் செய்து என்ன கண்டேன், என் பெருமூச்சு காயவைக்கும் முன்னால் திராட்சரசம் இருந்ததே, என் கண்ணீர் மூழ்கடிக்கும் முன்னால் தானியம் இருந்ததே என்று புலம்புகிறார். கடைசியில், பிள்ளையே என்று யாரோ கூப்பிடுவது போலக் கேட்கிறது. என் ஆண்டவரே என்று பதில் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் கவிதை.

இதைப் பற்றி எழுதச் சொன்னால் பலரும் அந்த இரண்டு வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டு, கீழ்ப்படிதலே சமாதானம் என்று முடித்துவிடுகிறார்கள். கவிதைக்கு மொத்தம் 36 வரிகள். அதில் 32 வரிகள் கலகம். அந்தக் கலகத்தை ஹெர்பர்ட் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரு வரி நீளம், அடுத்தது துண்டு. எதுகை எங்கே வரும் என்று ஊகிக்கவே முடியாது. கடைசி நான்கு வரிகளில்தான் ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் ஒழுங்காக இயைகின்றன. பேசுகிறவர் அமைதியடைந்தார் என்று சொல்லும் முன்பே கவிதையின் ஓசை அமைதியடையத் தொடங்கிவிடுகிறது. 32 வரிக் கொந்தளிப்பைக் காதால் கேட்காதவருக்கு அந்தக் கடைசி நான்கு வரிகளின் எடை தெரியாது. அவர் எழுதும் ‘கீழ்ப்படிதல்’ வெறும் வாசகமாக நின்றுவிடும். பாடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தக் கவிதையில் பாடம் ஓசைக்குள் இருக்கிறது, அங்கே போய்த்தான் அதைத் தேட வேண்டும்.

சாத்தான் சொன்னதை மில்டன் தலையில் கட்டுவது

கவிதையில் பேசுகிறவரையும் கவிஞரையும் ஒன்றாக எண்ணுவது எந்தக் கல்லூரியிலும் நடக்கிற தவறு. கிறிஸ்தவக் கல்லூரியில் இதன் உச்சம் ஜான் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ வகுப்பில் தெரியும். 1667இல் வெளிவந்த அந்தக் காவியத்தின் முதல் புத்தகத்தில் ஒரு புகழ்பெற்ற இடம் உண்டு: மனம் தனக்குத் தானே ஓர் இடம், அது நரகத்தைப் பரலோகமாகவும் பரலோகத்தை நரகமாகவும் ஆக்கவல்லது. கேட்க அருமையாக இருப்பதால், மில்டன் சொன்ன தன்னம்பிக்கை வாசகம் என்று பலர் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். சொன்னது மில்டன் இல்லை. தோற்று, நரகத்தில் விழுந்து கிடக்கும் சாத்தான், வீம்பில் சொல்வது.

நான்காம் புத்தகம் வரை படித்தால் அதே சாத்தான், எங்கே பறந்தாலும் நரகம்தான், நானே நரகம் என்று தன்னந்தனியாக ஒப்புக்கொள்வதைப் பார்க்கலாம். முதல் பேச்சின் பகட்டு அங்கே கிழிகிறது. இடையில் இரண்டு முழுப் புத்தகங்கள் போகட்டும் என்று மில்டன் காத்திருக்கிறார். படிக்கிறவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. சாத்தானின் பேச்சில் கவர்ச்சியே இல்லை என்பதுபோல் எழுதுவது. அவன் வில்லன், எனவே அவன் வரிகள் மோசமானவை என்ற கணக்கு. மில்டன் தன் காவியத்தின் மிக வலிமையான வரிகளில் சிலவற்றை அவனுக்குத்தான் கொடுத்திருக்கிறார். கவிஞர் வில்லியம் பிளேக், மில்டன் தனக்கே தெரியாமல் சாத்தானின் கட்சிக்காரர் என்று எழுதும் அளவுக்கு அந்த வரிகள் ஈர்த்தன. 1967இல் இலக்கிய விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ் வேறு விளக்கம் தந்தார்: வாசகரை வேண்டுமென்றே அந்தக் கவர்ச்சியில் விழவைத்து, பிறகு விழுந்ததை உணரவைக்கிறது காவியம். ‘எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது’ என்று வகுப்பில் சொல்லக் கூசும் மாணவரால் இந்த விவாதத்துக்குள் நுழையவே முடியாது. பிடித்திருந்தால் சொல்லுங்கள். எந்த வரி பிடித்தது, ஏன் என்று பாருங்கள். நல்ல கட்டுரை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எங்கும் கிறிஸ்துவைக் காண்பது

கைகளை விரித்துக்கொண்டு ஒரு பாத்திரம் நின்றால் சிலுவை. மூன்று நாள் காணாமல் போனால் உயிர்த்தெழுதல். இதைக் கண்டுபிடித்தவுடன் கட்டுரை முடிந்தது என்று நினைப்பதுதான் பிரச்சினை. கண்டுபிடித்த இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி ஸீ’ 1952இல் வந்தது. அதில் கிழவர் சாண்டியாகோ பாய்மரக் கம்பத்தைத் தோளில் சுமந்து மேடேறுகிறார், விழுகிறார், கடைசியில் கைகளை நீட்டி உள்ளங்கை மேலே தெரியப் படுத்திருக்கிறார். சுறாக்களைக் கண்டு அவர் எழுப்பும் ஒலியை, ஆணி உள்ளங்கை வழியாக மரத்தில் இறங்கும்போது ஒருவர் எழுப்பக்கூடிய ஒலி என்று ஆசிரியரே எழுதுகிறார். ஆக, ஒப்புமை நம் கற்பனை இல்லை. சரி, அப்புறம்? இந்தக் கிழவரின் பாடுகளால் மீட்கப்பட்டவர் யார்? மீனின் எலும்புக்கூடு அலையில் கிடக்கிறது, சுற்றுலா வந்தவர்களுக்கு அது என்ன மீன் என்றுகூடப் புரிவதில்லை. மீட்பைப் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லாத கதையில் சிலுவையின் சாயலை மட்டும் ஏன் வைத்தார்? எங்கே பொருந்துகிறது என்பதைவிட எங்கே பொருந்தாமல் போகிறது என்பதைத் துருவினால் உங்களிடம் ஒரு வாதம் இருக்கும்.

‘கிறிஸ்தவ எழுத்தாளர்’ என்று ஒரே பெட்டியில் போடுவது

ஜான் டன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1615இல் ஆங்கிலிக்கன் குருவானவராகி, 1621இல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் டீன் (தலைமைக் குரு) ஆனார். ஜான் பனியன் பிரசங்கிப்பதை நிறுத்த மறுத்து 12 ஆண்டுகள் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தார். ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் 1866இல் கத்தோலிக்கராகி, பின்பு இயேசு சபைக் குருவானார். மில்டனுடையது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் இறையியல் நூல் ஒன்றின் கையெழுத்துப் பிரதி 1823இல் கிடைத்தபோது, திரித்துவத்தை வழக்கமான முறையில் அவர் ஏற்கவில்லை என்பது அதில் தெரிந்தது. இவர்கள் எல்லோருடைய வாயிலும் தங்கள் சபையின் போதனையை வைத்துப் பேசவைக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அவர்களுக்குள் இருந்த சண்டைகள் உயிரைப் பணயம் வைத்த சண்டைகள். எழுத்தாளர் எந்தக் காலத்தில், எந்த மரபில் நின்று எழுதினார் என்று ஒரு மணிநேரம் படித்துவிட்டுக் கட்டுரையைத் தொடங்கினால் போதும்.

சந்தேகத்தையும் இருளையும் கண்டு ஒதுங்குவதும் இதன் தொடர்ச்சிதான். அதே ஹாப்கின்ஸ் 1885 வாக்கில் டப்ளினில் எழுதிய சில சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) வாசிக்கவே வலிக்கும். தேவன் பதில் சொல்லாத இரவுகள் அவை. அவற்றுக்கு எப்படியாவது நம்பிக்கையான முடிவு ஒன்றை ஒட்டவைக்க மாணவர்கள் படாத பாடு படுகிறார்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. யோபுவும் பிரசங்கியும் அங்கேயேதான் இருக்கிறார்கள். இருளில் முடிகிற கவிதையை இருளிலேயே விட்டு எழுதலாம்.

விசுவாசத்துக்கு ஒவ்வாத புத்தகம் பாடத்திட்டத்தில் வந்துவிட்டால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தேர்வெழுதும் பழக்கம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சோதிக்கப்படாமல் ஒளிந்திருக்கும் நல்லொழுக்கத்தை என்னால் புகழ முடியாது என்ற கருத்தை 1644இல் மில்டன் ‘ஏரியோபஜிடிகா’வில் எழுதிவிட்டார். உண்மையாகவே மனம் உறுத்துகிற பகுதி இருந்தால் செமஸ்டர் தொடக்கத்திலேயே பேராசிரியரிடம் பேசுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

கட்டுரைக்குப் பதில் சாட்சி

‘இந்தக் கவிதை என் வாழ்வைத் தொட்டது’ என்று தொடங்கி ஜெபத்தில் முடியும் அசைன்மென்ட்கள் உண்டு. பேராசிரியரும் விசுவாசிதானே, சந்தோஷப்படுவார் என்ற எண்ணம். அவர் சந்தோஷப்படலாம், மதிப்பெண் போட அவருக்கு வாதம் வேண்டும். கட்டுரையை உங்கள் விசுவாசத்தைப் பகிராத ஒருவர் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘நாம் அனைவரும் அறிந்தபடி’ என்ற சொற்றொடர் அப்போது தானாகவே உதிர்ந்துவிடும். வேத வசனத்தை ஆதாரமாகக் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். வசனம், எழுத்தாளர் எதை மனதில் வைத்து எழுதினார் என்று காட்ட உதவும். அவர் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்பு வழங்க அதைக் கொண்டுவந்தால் விவாதம் நின்றுபோகும்.

எந்த மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டுகிறீர்கள் என்பதிலும் சறுக்கல் நடக்கிறது. ஹாம்லெட் கடைசிக் காட்சியில், சிட்டுக்குருவி விழுவதிலும் தேவசித்தம் உண்டு என்கிறான். மத்தேயு 10ஆம் அதிகாரத்தின் எதிரொலி. உடனே கிங் ஜேம்ஸ் வேதாகமத்தை எடுத்து ஒப்பிடுகிறார்கள். அது வெளிவந்தது 1611இல். ஹாம்லெட் எழுதப்பட்டது 1600ஐ ஒட்டி. ஷேக்ஸ்பியர் அறிந்திருந்தவை 1560இல் வந்த ஜெனீவா வேதாகமமும் 1568இல் வந்த பிஷப்ஸ் வேதாகமமும். உங்கள் செல்போனில் இருக்கும் தற்கால ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து ஒப்பிட்டால் இன்னும் மோசம். எம்எல்ஏ (மாடர்ன் லாங்க்வேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறையில் எழுதுகிறவர்கள் முதல் மேற்கோளில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிட வேண்டும், அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவே முக்காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வைக்க வேண்டும்.

படைப்பெழுத்து வகுப்பில்

இங்கேதான் மனம் அதிகம் புண்படுகிறது, எனவே கொஞ்சம் விரிவாக. ‘இந்தக் கவிதையைக் கர்த்தர் கொடுத்தார்’ என்று சொல்லி, வகுப்பே சேர்ந்து விமர்சிக்கும் ஒர்க்‌ஷாப்பில் வைத்துவிட்டால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். மூன்றாம் வரி தளர்வாக இருக்கிறது என்று யார் சொல்வது? அப்படிச் சொல்லும் மாணவர் பெரும்பாலும் உண்மையாகவே சொல்கிறார், அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஹெர்பர்ட்டைத் திரும்பப் பாருங்கள். அவருடைய ஆரம்பகாலக் கையெழுத்துப் பிரதி ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதில் அவர் கையாலேயே திருத்தியிருக்கிறார். அந்தப் பிரதியில் உள்ள பல கவிதைகள் 1633ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வேறு வடிவில் இருக்கின்றன. தேவனுக்காகவே எழுதிய ஒருவர் வரியை அடித்து அடித்து எழுதினார். கவிதை எங்கிருந்து வந்தாலும் டிராஃப்ட் போடுவது உங்கள் வேலை.

விமர்சனம் சொல்பவர்களும் தவறுகிறார்கள். கதையில் வரும் போதகர் குடிக்கிறார் என்றால், போதகர் அப்படிச் செய்வாரா என்று விவாதம் திரும்பிவிடுகிறது. கேட்க வேண்டியது, இந்தப் போதகர் நம்பும்படி இருக்கிறாரா என்பது. கத்தோலிக்கரான ஃப்ளானரி ஓ’கானரின் ‘எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்’ கதையில் ஒரு குடும்பமே சுட்டுக் கொல்லப்படுகிறது. பாட்டி தன்னைக் கொல்ல நிற்பவனைத் தன் பிள்ளைகளில் ஒருவன் என்று சொல்லித் தொடும் அந்த நொடி, அவன் சுடுகிறான். கிருபையைப் பற்றி எழுத நினைத்த ஒருவர் எவ்வளவு தூரம் போனார் என்று அந்தக் கதையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

நம் மாணவர்களின் கதைகளில் நாத்திகர் எப்போதும் கசப்பானவராக, முட்டாளாக, கடைசிப் பக்கத்தில் மனந்திரும்புகிறவராக வருகிறார். அவருக்கு நல்ல வாதம் ஒன்றைக் கொடுங்கள், உங்களாலேயே சட்டென்று பதில் சொல்ல முடியாததாக. விசுவாசியான பாத்திரத்துக்கு ஒரு கெட்ட நாளைக் கொடுங்கள். முடிவு தானாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது என்று தோன்றினால், கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அந்தப் பத்தி இல்லாததை அவர் கவனிக்கவே இல்லை என்றால், வெட்டியபடியே சமர்ப்பித்துவிடலாம்.