பிரெய்ரி புல்லுக்கு ரோஜா பக்குவம் வேண்டாம்

சிகாகோ புறநகரில் எங்கள் வீட்டு முன்புறம் லிட்டில் புளூஸ்டெம் என்ற புல்லை நட்ட வருடம், ரோஜாவுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தேன். குழியில் கம்போஸ்ட், கோடை முழுக்கத் தண்ணீர், ஜூனில் ஒரு பிடி உரம். புல் தளதளவென்று வளர்ந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு மழை. மறுநாள் காலை பார்த்தால் நடு வகிடு எடுத்தது போலப் பிளந்து நாலாபக்கமும் படுத்துக் கிடந்தது.

பிரெய்ரி என்னும் வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குரிய இந்தப் புற்கள் கெடுவது பெரும்பாலும் இப்படி அதிகக் கவனிப்பால்தான். காட்டுத்தீ, வறட்சி, காட்டெருமை மேய்ச்சல் எல்லாவற்றையும் தாங்கி வந்தவை. பிக் புளூஸ்டெம் என்ற இன்னொரு பிரெய்ரிப் புல்லின் வேர் 2, 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். புல் குடும்பத்துக்குள் நம் வெட்டிவேருக்கு நெருங்கிய சொந்தம் அது. வேர் பிடிக்கும் முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அப்புறம் கடும் வறட்சி வந்தாலொழிய வேண்டாம். உரம் எப்போதும் வேண்டாம். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தாலும் இதே போலத்தான் சாயும்.

அடுத்தது அவசரம். ஏப்ரலில் அக்கம்பக்கத்துப் புல்தரையெல்லாம் பச்சை கட்டியிருக்கும், இவை மட்டும் வைக்கோலாக நிற்கும். செத்துப்போச்சு என்று தோண்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். இவை வெப்பகாலப் புற்கள். மண் சூடேறிய பிறகுதான் துளிர்க்கும், மே நடுப்பகுதி வரை பொறுங்கள். பிரெய்ரி டிராப்சீட் என்ற புல் இன்னும் நிதானம். விதையிலிருந்து முழுத் தூராக வருடக்கணக்காகும், நாற்றாக வாங்குவதே மேல். காத்திருந்ததற்கு ஆகஸ்டில் பலன் உண்டு. பூத்த தூருக்குப் பக்கத்தில் குனிந்தால் மல்லி வறுக்கும் வாசனை வரும். பாப்கார்ன் வாசனை என்பவர்களும் உண்டு.

இலையுதிர்காலத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். லிட்டில் புளூஸ்டெம் செம்பு நிறத்துக்கு மாறுவதே அப்போதுதான். பனியில் ஜுன்கோ குருவிகள் அதன் விதையைத் தேடி வரும். பூச்சிகள் தூருக்குள் குளிரைக் கழிக்கும். சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் உள்ள லூரி தோட்டத்தைக் குளிர்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், காய்ந்த புல்லுக்கு எவ்வளவு அழகு என்று தெரியும். மார்ச் கடைசியில், தூரைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் குப்பை சிதறாது.

வாங்கும்போது, ‘அலங்காரப் புல்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. மிஸ்காந்தஸ் கிழக்கு ஆசியப் புல். அமெரிக்காவின் பல இடங்களில் வேலி தாண்டிப் பரவிவிட்டது. பிரெய்ரி மாநிலம் என்றே பெயர் பெற்ற இலினாய்ஸில் பழைய பிரெய்ரி ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. 1837இல் இங்கே கிராண்ட் டிட்டூரில் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்த பிறகு, அந்தக் கரிசல் மண் வேகமாக மக்காச்சோள வயலானது. நம் வாசலில் நடும் நாலு தூராவது இந்த மண்ணுக்கு உரியதாக இருக்கட்டுமே. செடியோடு வரும் பெயர்ச்சீட்டில் தாவரவியல் பெயரைப் பாருங்கள்: லிட்டில் புளூஸ்டெம் என்றால் ஸ்கிசாகிரியம் ஸ்கோபேரியம்.

சிறிய முன்வாசலில் பிக் புளூஸ்டெம் வேண்டாம், 2 மீட்டர் எழும்பும். பல ஊர்களில் புல் உயரத்துக்கு விதி இருக்கிறது, நகராட்சியில் கேட்டுவிடுங்கள். பாத்தி ஓரத்தை ஒழுங்காக வெட்டி வைத்தால், இது களையல்ல, நட்டு வளர்ப்பது என்று பார்ப்பவர்களுக்கும் புரியும்.

சில வருடங்களில் தூரின் நடுப்பகுதி காய்ந்தால், பிரித்து நட வேண்டிய நேரம். அதையும் வசந்தத்தில், துளிர் விரல் நீளம் வந்ததும் செய்யுங்கள். அக்டோபரில் பிரித்தால் வேர் பிடிப்பதற்குள் மண் உறைந்துவிடும்.